சுவருக்குள் ஓடும் பைப்

8.6.2024, சனி

போன வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி, சுவரைப் பிடித்து எப்படியோ நின்றுவிட்டாள். கைப்பிடி மாட்ட டிரில்லிங் மெஷினை நானே எடுத்தேன். மூன்று ஓட்டை ஒழுங்காக விழுந்தது. நான்காவதில் முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கீசருக்குப் போகும் பைப். மொட்டைமாடிக்கு ஓடினால், டேங்குக்கு அடியில் நான்கு வால்வு. எது குளியலறைக்கு என்று தெரியாமல் நான்கையும் மூடினேன். அதற்குள் கூடம் வரை தண்ணீர்.

9.6.2024, ஞாயிறு

பிளம்பர் இரண்டு டைல்ஸை உடைத்து, ஓட்டை விழுந்த துண்டை அறுத்தெடுத்து, கப்ளிங் வைத்து ஒட்டினார். பசை காயும்வரை வால்வைத் திறக்கக் கூடாதாம்.

"குழாய்க்கு நேர் மேலயும் நேர் கீழயும் பைப் இருக்கும்னு வச்சுக்குங்க சார். ரெண்டு பக்கமும் அரை அடி தள்ளியே ஓட்டை போடுங்க" என்றார்.

நான் தள்ளித்தானே போட்டேன்? அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "ஜன்னலச் சுத்திக்கிட்டுப் பக்கவாட்டுல போயில்லடா அந்தப் பைப் ஏறுது. 2009-ல காடி வெட்டுறப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

கேட்கவில்லை. வீட்டுக்கு வரைபடம் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

11.6.2024, செவ்வாய்

அம்மாவின் கட்டிலருகே இன்னொரு கைப்பிடி வேண்டும். பக்கத்திலேயே சுவிட்ச் போர்டு. இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் அண்ணனை முதலிலேயே கூப்பிட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு, "இனிப் போடலாமா அண்ணே?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மேலே கையைக் காட்டினார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர்! மெயினை அணைத்தால் அதற்கு அது கரண்ட் கட். உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே வயரில் அனுப்பத் தொடங்கிவிடும். ஃபேன் நிறுத்தியிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

இன்வெர்ட்டரையும் அணைத்தார். அதற்கு முன்பே, கரண்ட் இருக்கும் பிளக்கில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதானே. "எம்சிபி வயரைத்தான் சார் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்த 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி வேணும்" என்றார். எங்கள் வீட்டில் அது இல்லை. மாட்டச் சொல்லிவிட்டேன்.

போர்டிலிருந்து மேலே கூரை வரை வயர் போகும். கட்டில் பக்கத்து பிளக்குக்குப் படுக்கைவாட்டிலும் ஒன்று போகும். இரண்டையும் சாக்பீஸால் கோடு போட்டார். ஆழம் குறைவாகப் போட்டால் தப்பிக்கலாம் என்று நான் நம்பியிருந்தேன். அது தப்பு. வயர் போகும் பிவிசி குழாய் பல இடங்களில் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. கைப்பிடியின் ஸ்குரூ அதைத் தாண்டி உள்ளே போகும்.

15.6.2024, சனி

இரண்டு கைப்பிடியும் மாட்டியாயிற்று. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "அங்க வேணாம், இன்னும் இந்தப் பக்கம்" என்று சொல்லச் சொல்ல நான் குறி வைத்தேன். மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருந்ததால், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மெஷினை ஓட்டினேன். முதலில் வெள்ளைத் தூள், அது பூச்சு. பிறகு சிவப்பு, அது செங்கல். பிளாஸ்டிக் சுருள் வந்தால் அந்த நொடியே நிறுத்தவேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். வரவில்லை.

16.6.2024, ஞாயிறு

காலை முழுக்க அம்மா சொல்ல, ஒவ்வொரு சுவரையும் வரைந்தேன். பைப்புக்கு நீலம், வயருக்குச் சிவப்பு. நான்கு வால்விலும் பெயர் எழுதிக் கட்டினேன்.

தஞ்சாவூரில் வீடு கட்டும் தங்கைக்குப் போன் செய்து, பூச்சு வேலைக்கு முன்னால் சுவரில் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி படம் எடுக்கச் சொன்னேன். நாளைக்குக் கொத்தனார் பூசப்போகிறார் என்றாள். சாயங்காலத்துக்குள் 43 படம் அனுப்பிவிட்டாள்.