அம்மாவின் அடுப்பும் எனது அட்டவணையும்

வலுசக்தித் திட்டமிடல் என்பது பொறியியற் பீடத்தார்க்கே உரியதென்று கலைப்பீட மாணவர்களாகிய நாம் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். நானும் அவ்வாறே இருந்தேன். சென்ற ஆண்டு புவியியல் ஒப்படை ஒன்றுக்காக, ஒரு வீட்டின் சமையல் எரிபொருளைத் தெரிவுசெய்யும் தீர்மானத்தை ஆராய நேர்ந்தது. வேறு வீடு தேடுவானேன் என்று எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் விறகடுப்பு, அம்மாவுக்கு இருமல். இவ்விரண்டையும் பிரித்துவிட ஒரு கணித ஆதாரம் கிடைக்கும் என்ற உள்நோக்கம் எனக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை.

தோமஸ் சாட்டி என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் 1970களில் வகுத்த படிநிலைப் பகுப்பாய்வு முறையைக் கையாண்டேன். செலவு, நம்பகம், உடல்நலம் ஆகிய பிரமாணங்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரையான எண்ணாற் கூறவேண்டும். அவற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை பெறப்படும். எரிவாயு, மின்சாரம், மண்ணெண்ணெய், விறகு என்பன ஒவ்வொரு பிரமாணத்திலும் பெறும் புள்ளிகளை அந்நிறைகளாற் பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும். விடையளித்தவர் தமக்குத்தாமே எவ்வளவு முரண்பட்டார் என்பதை அளக்க ஒரு விகிதமும் உண்டு. அது 0.1ஐத் தாண்டினால் மீண்டும் கேட்கவேண்டும் என்பது விதி.

முதலில் நானே விடையளித்தேன். உடல்நலம் செலவைவிட 5 மடங்கு, நம்பகத்தைவிட 3 மடங்கு. நம்பகம் செலவைவிட 2 மடங்கு. உடல்நலத்தின் நிறை 0.65 என வந்தது. மின் அடுப்பு முதலிடம் பெற்றது, விறகு கடைசி. முரண்பாட்டு விகிதமோ 0.01ஐக்கூட எட்டவில்லை. இவ்வளவு ஒழுங்காகச் சிந்திப்பவன் நான் என்பது எனக்கே புதுமையாயிருந்தது.

வரைவைப் பார்த்த விரிவுரையாளர், “சமைப்பவர் யார்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார்.

விடுமுறையில் குசினி வாசலிற் குந்தியிருந்து அம்மாவைக் கேட்டேன். செலவா, நம்பகமா? நம்பகமே 3 மடங்கு என்றார். செலவா, உடல்நலமா? செலவுதான் 3 மடங்கு என்றார், இருமலுக்கிடையே. அப்படியாயின் நம்பகம் உடல்நலத்தைவிட 9 மடங்காக வேண்டும். ஆனால் அம்மா, “அடுப்பு எரியாட்டி ஆருக்குச் சுகம் தம்பி? இரண்டும் ஒண்டுதானே” என்றார். விகிதம் 0.48 என வந்தது. விதிப்படி மீண்டும் கேட்டேன். அதே விடைதான்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் வெற்றுச் சிலிண்டர் மூலையிற் கிடந்தது. எங்களுக்கும் அயல்வீட்டாருக்கும் சோறு வந்தது விறகடுப்பிலிருந்தே. பின்னர் 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்றார் அமைச்சர். என் பிரமாணங்களுள் குரங்குக்கு இடமிருக்கவில்லை. நம்பகத்தையும் உடல்நலத்தையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்தவன் நான். அவை அம்மாவின் வாழ்வில் ஒருபோதும் பிரிந்திருந்ததில்லை. முரண்பாடு என்று என் கணிப்பு காட்டியது, பெரும்பகுதி, என் பகுப்பின் கோளாறே.

எனினும் அம்மாவின் விடைகளை அப்படியே ஏற்கவும் மனம் ஒப்பவில்லை. அவர் உடல்நலத்துக்கு அளித்த நிறை 0.22. இருமல் எனக்கு வந்திருந்தால் எத்தனை போடுவீர்கள் என்று கேட்டேன். “அதென்ன கேள்வி, ஒன்பது போடு” என்றார், சிறிதும் தயங்காமல். தன் உடலை எப்போதும் கடைசியில் வைத்துப் பழகிய ஒருவரின் பழக்கத்தையே நான் நிறையென்று எழுதியிருக்கிறேன். யாருடைய உடல்நலம் என்று இந்த முறையும் கேட்கவில்லை. நானும் கேட்க நினைக்கவில்லை.

மன்னார்த் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாற்று வலுவுடன் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனித் திட்டம் அது. நிலக்கரியோடு ஒப்பிடுகையில் அதன் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆயின் 2025 ஓகஸ்டிற் புதிய காற்றாலைகளுக்கெதிராக அங்குள்ள மக்கள் வீதிக்கு இறங்கியபோது, மழைவெள்ளம் வடியாமை, மீன்பிடி, வலசைப் பறவைகள் எனப் பலவற்றைக் கூறினர். அவற்றை அறியாமை என்று சிலர் தள்ளிவிட்டதைப் படித்தபோது எனக்கு 0.48 நினைவுக்கு வந்தது. அம்மக்களிடம் நிறை கேட்கப்பட்டால் என்ன எண் வரும் என்பதைவிட, கேட்பவரின் அட்டவணையில் வெள்ளம் வடிவதற்கு ஒரு நிரல் இருக்குமா என்பதே என் ஐயம்.

ஒப்படையில் இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்து, 0.48ஐத் திருத்தாமலே கொடுத்தேன். வீட்டில் இப்போது இரண்டு பானை வைக்கும் ‘அனகி’ மண்ணடுப்பும், அதற்குமேல் ஒரு புகைபோக்கியும் உள்ளன. விறகு முன்னையிலும் குறைவாகவே செலவாகிறது. மின் அடுப்பொன்றும் வாங்கிக் கொடுத்தேன். நான் வீட்டுக்கு வரும் நாட்களில் அம்மா அதில் தேநீர் வைத்துத் தருகிறார். மற்ற நாட்களில் அது துணி போர்த்தியபடி இருப்பதாகத் தங்கை சொல்கிறாள்.