வழுக்கம்பாறையில் நின்ற மணப்பயணம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில், சுசீந்திரத்தைக் கடந்த பின் வழுக்கம்பாறை என்னும் சிற்றூர் வருகிறது. குமரிமுனையை எண்ணியபடி விரையும் யாத்திரிகர் பலர் அவ்வூரின் பெயர்ப்பலகையைக்கூடக் கவனியாமல் கடந்து விடுவர். ஆயினும் குமரித் தலத்தின் வரலாறே திசை திரும்பிய இடம் அதுதான் என்பது நாஞ்சில் நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஐதிகம்.

முக்கடல் கூடும் கரையில் பராசக்தி கன்னிகையாக அவதரித்துச் சிவபெருமானை மணக்கத் தவமிருந்தாள். சுசீந்திரத்து ஈசனும் அவளைக் கைப்பிடிக்க இசைந்தார். பொழுது புலரும் முன் முகூர்த்தம் குறிக்கப்பட்டது. குமரிக்கரையில் விருந்துக்கான அரிசியும் பருப்பும் மலையெனக் குவிந்தன. நள்ளிரவில் மணமகன் புறப்பட்டார். இரு தலங்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரமே. வழுக்கம்பாறையை அடைந்த வேளையில் சேவல் கூவியது. விடிந்துவிட்டது, முகூர்த்தம் தவறிற்று என்று எண்ணிய பெருமான் சுசீந்திரத்திற்கே திரும்பினார். கூவியது உண்மையான சேவல் அன்று; தேவர்களின் பொருட்டு நாரதர் எழுப்பிய குரல்.

தேவர்களுக்கு அப்படி என்ன அவசியம் நேர்ந்தது? பாணாசுரனுக்குக் கன்னிகை ஒருத்தியின் கையால் மட்டுமே மரணம் என்பது வரம். அன்னை மணம் புரிந்தால் அசுரனுக்கு அழிவில்லை, உலகுக்கு விடிவில்லை. பயணம் நின்றதால்தான் அவதார நோக்கம் நிறைவேறியது.

இவ்வரலாற்றைப் பெரியோர் சொல்லும்போது ஒன்றை மறைப்பதில்லை. மணமகன் வராத அந்த விடியற்காலையில் அன்னை வருந்தினாள், சினந்தாள். சமைக்கப்படாத அரிசியும் பருப்பும் மணலாகக் கடவன என்றாள். குமரிக்கரையில் செந்நிறமும் கருநிறமும் வெண்மையுமாகக் கிடக்கும் மணலைப் புவியியலார் கார்னெட், இல்மனைட் முதலிய கனிமங்கள் என்பர். பக்தர்களோ அந்தக் கல்யாண விருந்தின் எச்சமாகக் கண்டு சிறிது எடுத்துச் செல்வர். திட்டமிட்டது தவறும்போது மனம் நோவது பக்திக் குறைவு ஆகாது என்பதற்கு அந்த மணலே சாட்சி. நோவுக்குப் பிறகும் அன்னை அக்கரையை விட்டு அகலவில்லை, தவத்தைத் தொடர்ந்தாள். காரணம் பின்னர் விளங்கியது.

அன்னை ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த தடம் எனப் போற்றப்படும் பாதச்சுவடு கடலினுள் உள்ள ஸ்ரீபாதப் பாறையில் இருக்கிறது. அப்பாறைக்கு 1892 டிசம்பரில் ஓர் இளந்துறவி வந்தார். திருவனந்தபுரத்தில் தங்கிப் பின் தெற்கு நோக்கி வந்த சுவாமி விவேகானந்தர், படகுக்குக் காசு இல்லாமையால் நீந்தியே பாறையை அடைந்தார் என்பர். டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள் அங்கே தியானத்தில் அமர்ந்தார். தாய்நாட்டின் ஏழைகளுக்காக உழைப்பதே தம் வழி என்ற தெளிவு அங்கே பிறந்தது.

தெளிவு பிறந்தபின் பயணம் தடையின்றி நடந்ததா என்றால், இல்லை. 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறியவர், ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்தார். சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்பது அங்கே சென்ற பின்னரே தெரிந்தது. தக்க அறிமுகச் சான்று இல்லாத எவரையும் பிரதிநிதியாக ஏற்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. கைப்பணமோ கரைந்துகொண்டிருந்தது. செலவு குறைவென்று கேட்டு பாஸ்டன் நகரை நோக்கி ரயில் ஏறினார். ரயில் பயணத்தில் அறிமுகமாகியிருந்த கேட் சான்பார்ன் என்னும் மூதாட்டி தம் இல்லத்திற்கு அழைத்தார். அவர் வழியாக ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் தொடர்பு கிட்டியது. பேராசிரியர் அறிமுகக் கடிதம் அளித்தார். சிகாகோவிலேயே தங்கியிருந்தால் அந்தக் கடிதத்திற்கு வழியே இல்லை.

திரும்பி வந்தபோது மறுபடியும் சோதனை. செல்ல வேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டு, ரயில் நிலையத்துச் சரக்குப் பெட்டி ஒன்றில் இரவைக் கழித்தார். மறுநாள் அலைந்து களைத்துத் தெருவோரம் அமர்ந்தவரைக் கண்டு, எதிர்வீட்டுப் பெண்மணியான திருமதி ஹேல் உள்ளே அழைத்து உணவளித்து, மகாசபை அலுவலகத்திற்கும் அழைத்துச் சென்றார். செப்டம்பர் 11 அன்று உலகம் அவர் குரலைக் கேட்டது. தவறிய தேதியும் தொலைந்த முகவரியும் அந்த மேடைக்கான படிகளாயின.

அவர் தியானித்த பாறையில் நினைவு மண்டபம் எழுந்து 1970-இல் திறக்கப்பட்டது. இன்று பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் பாறைக்கு யாத்திரிகரை அழைத்துச் செல்கின்றன. ஆனால் கடல் சீறினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகுகள் நிறுத்தப்படும். பல மாதங்களுக்கு முன்பே ரயில் டிக்கெட் எடுத்து, மூட்டுவலியையும் பொருட்படுத்தாது வந்த முதியவர்கள், மூடிய டிக்கெட் கவுன்டரின் முன்னே நின்று கண் கலங்குவதுண்டு. இந்த வயதில் இனி எப்போது வருவோம் என்ற கேள்வி அவர்கள் நெஞ்சில் எழுவது இயல்பே.

அத்தகையோருக்கு வழுக்கம்பாறை வரலாறு ஆறுதல் மட்டும் சொல்வதில்லை; வழியும் காட்டுகிறது. ஈசன் திரும்பிய திசையில் அவர்களும் செல்லலாம். பழையாற்றின் கரையில் சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயில் காத்திருக்கிறது. சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒரே திருமேனியாக எழுந்தருளியுள்ள அங்கே 18 அடி உயர ஆஞ்சநேயர் நின்ற திருக்கோலத்தில் அருள்கிறார். தட்டினால் இசை எழுப்பும் கற்றூண்கள் உள்ளன. படகு வரிசையில் கழிந்திருக்கும் பொழுது, பிராகாரத்தில் நிதானமாக அமர்ந்து நாமம் சொல்லும் பொழுதாகிவிடும்.

தெய்வ வழிகாட்டல் என்பது முயற்சியின்மைக்கு வேறு பெயரன்று. முன்பதிவு செய்வதும், மருந்துகளை எடுத்து வைப்பதும், தங்குமிடம் விசாரிப்பதும் நம் கடமை. விவேகானந்தரும் கடிதம் பெற முயன்றார். வழி கேட்டு அலைந்தார். நேரும் ஒவ்வொரு தடையிலும் சகுனம் தேடுவதும் நம்பிக்கையன்று. கடலோரக் காவலர் வேண்டாம் என்று தடுக்கும்போது அவருடன் வாதிடாமல் திரும்புவது நம்பிக்கை. நம் கணக்கு முடிந்த இடத்தில் அவள் கணக்கு தொடங்குகிறது என்று பொறுப்பது நம்பிக்கை. அதன் பொருள் அன்றே விளங்காமலும் போகலாம். அன்னைக்கே அது அந்த விடியலில் விளங்கவில்லை அல்லவா?

குமரியம்மன் கோயிலில் கடலை நோக்கிய கிழக்கு வாசல் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே திறக்கப்படுகிறது. அன்னையின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று கருதிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் அவ்வாசல் அடைக்கப்பட்டதாகச் சொல்வர். ஆகவே யாத்திரிகர் வடக்கு வாசல் வழியே சென்று வணங்குகின்றனர். ஒரு வாசல் அடைபட்டதால் எவருக்கும் தரிசனம் குறையவில்லை. சுற்றிச் சென்று உள்ளே நிற்பவர்க்கும் அந்த மூக்குத்தி அதே ஒளியுடன் சுடர்கிறது.