இந்த மெயில் யாருக்கெல்லாம் போகுது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, மதுரைக்கு வடக்கே ஒரு ஊரில் காலனிக்காரர்களின் சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்தார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களை மறித்து அடித்தார்கள். பதினொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துப் புகார் கொடுத்தார்கள். நாங்கள் அதை டைப் செய்து, ஸ்கேன் எடுத்து, அன்று இரவே மெயிலில் அனுப்பினோம். மாவட்ட அதிகாரிகள், ஆணையங்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், தெரிந்த அமைப்புகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட முகவரிகள், அத்தனையும் ஒரே மெயிலில், சிசியில். கூடவே பதினொரு பேரின் பெயர், தகப்பனார் பெயர், தெரு, செல்போன் எண் எல்லாம் அடங்கிய பட்டியலையும் இணைத்தோம். ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் அந்தப் பட்டியல் ஊர் டீக்கடையில் ஒருவருடைய செல்போனில் இருந்தது. யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இருபது பேர் கையிலும் நாங்களே கொடுத்ததுதானே! நடவுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் புகாரிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். வேலை போன ஒரு அம்மா பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "எங்க பேரு எப்படிப்பா அங்க போச்சு? நான் ஒங்ககிட்டதானப்பா சொன்னேன்?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2015 திருத்தத்தில் வந்தது. சாட்சிகளின் பெயர், முகவரியை மறைத்து வைக்கச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவைப் பற்றி ஊர் ஊராகப் பயிற்சி நடத்தியவர்கள் நாங்கள். சிசியில் போட்டால் எல்லா முகவரியும் எல்லாருக்கும் தெரியும், பிசிசியில் போட்டால் தெரியாது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது தெரிந்திருந்தாலும் அன்றைக்குப் பாதிதான் காப்பாற்றியிருக்கும். இணைப்பில் பட்டியல் இருந்தால், எந்தக் கட்டத்தில் முகவரியைப் போட்டாலும் அது போய்ச் சேரத்தான் செய்யும்.

ஏன் தெரியவில்லை என்று பிறகு உட்கார்ந்து பேசினோம். அலுவலகத்தில் அப்போது இருந்தவர்களில் பாதிப்பேர் முதுகலை படித்தவர்கள். எம்.ஏ. சமூகவியலில் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் பற்றி பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அது என்னவென்று நிஜமாகப் புரிந்தது முதல் வேலையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான். பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் அப்பா வங்கியில் வேலை; அவர் பள்ளிக்கூடத்திலேயே மெயில் எழுதிப் பழகியவர். எங்கள் வீடுகளில் தபால்காரர் வருவதே அபூர்வம். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் எங்களுக்குக் கிடைக்கவில்லை, தம்பி தங்கைகளுக்குக் கிடைத்தது. அதில் படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம். மெயில் எழுத ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு கேட்கலாம்தான். கேட்டால், "கோட்டாவில் படிச்சு வந்தவங்கதானே" என்ற அந்தச் சிரிப்பு வரும். அதற்குப் பயந்து, தெரிந்தவர்கள் மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தலையாட்டலுக்கான விலையை நடவுக்குப் போன இரண்டு பெண்கள் கொடுத்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர், பிரவுசிங் சென்டரில் ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். மெயில் ஐடியை உருவாக்கியது சென்டர்காரர். பாஸ்வேர்ட் அவருடையது, அதில் கொடுத்த செல்போன் எண்ணும் அவருடையது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததே தம்பிக்குத் தெரியாது. தெரிந்தபோது சென்டரும் இல்லை, சென்டர்காரரும் இல்லை. இப்படி நான்கைந்து பேரை நாங்கள் பார்த்துவிட்டோம். இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் இன்றைக்கே உங்கள் அம்மா அப்பா பெயரில் உள்ள மெயில் ஐடியில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. யூனிகோடுக்குத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஆணை போட்டுவிட்டது. ஆனால் டிடிபி கடைகளில் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த மனுக்கள் அதற்கப்புறமும் ஓயவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அடிபட்டவரின் வாக்குமூலம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். திறந்து பார்த்தவர் எங்களுக்குச் சொல்லப்போவதும் இல்லை. அதனால் எதையும் பிடிஎஃப்தான். சப்ஜெக்ட் வரியில் காவல் நிலையம், சம்பவ நாள், எஃப்ஐஆர் எண் இருந்தால் எண், அவ்வளவுதான். 'அவசரம்', 'மிக மிக அவசரம்' என்று நாங்களும் ஒரு காலத்தில் எழுதினோம். ஒரு நாளைக்கு நூறு அவசரம் பார்க்கிறவருக்கு அது கண்ணிலேயே படாது.

இத்தனை சின்னச் சின்ன விஷயங்களுக்கு இத்தனை நேரமா என்று கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றத் தகவலை மின்னணு வழியிலும் தரலாம் என்கிறது. தகவல் தந்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். காவல் நிலைய வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வைத்து, "எழுத்தர் இல்லை, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். மெயில் போன நாளும் நேரமும் நம் கையில் இருக்கும். ஆனால் மூன்று நாளுக்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைக்காமல், 'மெயில் அனுப்பிவிட்டோமே' என்று உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகும் எண்ண நாட்கள் இருக்கின்றன. வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் புலன்விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கைக் கேட்கும்போது அனுப்பிய மெயிலைத் தேடுவோம். அதை ஒரு பணியாளர் தன் சொந்த ஐடியிலிருந்து அனுப்பியிருப்பார், அவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். அதுவும் நடந்திருக்கிறது. இப்போது எல்லாமே அலுவலக ஐடியிலிருந்துதான். யார் வேலையை விட்டுப் போனாலும் அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறோம்.

பெயர்ப் பட்டியலை இப்போது தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். புகாரை விசாரிக்க வேண்டிய அதிகாரிக்கு மட்டும் அது போகும். பத்திரிகைக்கும் அமைப்புகளுக்கும் பெயரில்லாத நகல், அதுவும் பிசிசியில். அனுப்புகிறவர் தவிர இன்னொருவர் முகவரிகளை வாய்விட்டுப் படித்த பிறகே பொத்தானை அழுத்துவோம். புதிதாக வருகிற பணியாளருக்கு முதல் வாரம் இதுதான் வேலை. 'தெரியாது' என்று சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதைச் சுவரில் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மா அதற்கப்புறம் இரண்டு புகார்களில் கைநாட்டு வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மை டப்பாவில் பெருவிரலை வைப்பதற்கு முன்னால், கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "இது யாரு யாருக்குப்பா போகுது? ஒவ்வொன்னா சொல்லு" என்கிறார். நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.