ஐந்தருவியில் ஓர் இலங்கை நோட்டு

குற்றாலம் செல்வோர் பேரருவியோடு திரும்பிவிடலாகாது. ஐந்தருவிக்கும் போய்வர வேண்டும். ஒரே நீரோட்டம் பாறையின் தலையில் ஐந்தாகப் பிரிந்து விழும் அழகு ஒருபுறம். சாரல் காலத்தில் காத்து நிற்கும் ஜனத்திரளும் பார்க்கத் தக்கதே!

நாம் சென்ற அன்று மலைமேல் மழை வலுத்தது. வெள்ளம் பெருகவே போலீஸார் ஸ்நானத்தைத் தடுத்துவிட்டனர். தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். அருகில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். நம்மைப் போல் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சினிடையே இலங்கை ஆயிரம் ரூபாய் நோட்டொன்றைக் காட்டினார். நம் நோட்டின் பின்புறத்தில் பதினைந்து மொழிகளுக்கிடையே தமிழைத் தேட வேண்டும். அதிலோ சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழ் துலக்கமாக நிற்கிறது. நாம் மகிழ்ந்தோம். அவர் மகிழவில்லை.

“எழுத்து அப்பிடியேதான் இருக்குது, மாஸ்டர். பெறுமதிதான் போச்சுது” என்றார்.

1884 முதல் இலங்கையில் நாணயச் சபையே நோட்டு வெளியிட்டு வந்தது. ஈடு கையில் இல்லாமல் புது நோட்டு இல்லை. அந்நாட்டு ரூபாய் நம் ரூபாயோடு கட்டுண்டு நடந்தது. சுதந்திர நாடு தன் பணத்தைத் தானே ஆள வேண்டாமா? அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து ஜான் எக்ஸ்டரை வரவழைத்து, 1949-இல் சட்டம் இயற்றி, 1950 ஆகஸ்டு 28-இல் தங்கள் மத்திய வங்கியைத் தொடங்கினார்கள். எக்ஸ்டரே முதல் கவர்னர். நோக்கம் நல்லதே. ஆனால் சர்க்கார் அவ்வங்கியிடமே கடன் பெறும் வழியும் திறந்திருந்தது. அருவிக்கரையில் ஒரு போலீஸ்காரர் ‘கூடாது’ என்றால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். மந்திரிகளிடம் அதைச் சொல்ல ஒரு வங்கிக்கு எத்தனை பலம் வேண்டும்!

2019-இன் இறுதியில் வரிகளைக் குறைத்தார்கள். பெருந்தொற்றும் வந்து சேர்ந்தது. பற்றாக்குறையை அடைக்க வங்கி புதுப் பணத்தைப் பெருக்கிற்று. டாலர் கையிருப்போ கரைந்தது. 2022 ஜனவரியில் நம் ரிசர்வ் பாங்க் 40 கோடி டாலர் கைமாற்றாகக் கொடுத்தும் போதவில்லை. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதையே நிறுத்தினார்கள். சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் 360 வரை ஏறிற்று. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தின ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். பெரியவரின் பென்ஷன் அந்த வேகத்தில் ஏறுமா? மகள் கல்யாணத்துக்கென்று இருபது வருஷம் சேர்த்த தொகை, நகைக் கடைக்குப் போனபோது பாதிக்கும் காணவில்லையாம்.

2023-இல் வந்த புதுச் சட்டம், சில விலக்குகள் தவிர, சர்க்காருக்கு வங்கி நேரே கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. ஆட்சிக் குழுவில் முன்பு இடம் பெற்றிருந்த திறைசேரிச் செயலாளருக்கு இப்போது அங்கே நாற்காலி இல்லை.