பஸ்ஸுக்குக் காசு

பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்கு கிரிவலம் வந்துவிடுவார் அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர் திண்டிவனம். 14 கிலோமீட்டரும் வெறுங்கால் நடை. கையில் ஒரு துணிப்பை, அது நிறைய கடைக்காரர்கள் வாங்க முகம் சுளிக்கும் 10 ரூபாய் நாணயங்கள். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை வழியில் உட்கார்ந்திருக்கும் காவி வேட்டிக்காரர்களின் தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். முகம் பார்க்க மாட்டார். பார்த்தால் நடை தடைப்படுமாம்.

ஒருமுறை கூட்டத்தில் யாரோ பர்ஸையும் போனையும் அடித்துவிட்டார்கள். துணிப்பை ஏற்கெனவே காலி. விடிகிற நேரம். ஒரு டீக்கடை முன்னால் போய் நின்றார்.

"தம்பி..."

"டீயா சார்?"

"இல்லப்பா" என்று நகர்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பை அதட்டிய குரல், பஸ்ஸுக்குக் காசு கேட்க எழும்பவில்லை. பர்ஸ் தொலைந்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அப்படிச் சொன்ன எத்தனை பேரை அவரே நம்பாமல் அனுப்பியிருக்கிறார்!

1896-ல் பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணரும் பிச்சை எடுத்தவர்தான். வீட்டு வாசலில் நின்று கை தட்டுவார். போடுவதைக் கையில் வாங்கி, தெருவிலேயே சாப்பிடுவார். முதல் நாள் கூச்சமாக இருந்ததென்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் அது போயே போய்விட்டதாம். பதினாறு வயதில் போகும். அறுபத்தேழில்?

கால் வலிக்க, சாலையோரத் திட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் தாடிக்கார சாமியார் ஒருவர், தட்டை நகர்த்தி இடம் விட்டார்.

"பஸ்ஸுக்கு எவ்ளோ வேணும் சாமி?"

அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

"பௌர்ணமிக்கு ரெண்டு பேராவது இப்படி வந்து உக்காருவாங்க. கேக்க வாய் வராது" என்றபடி ஏழு நாணயங்களை எண்ணி, அவர் உள்ளங்கையில் வைத்தார் சாமியார். "ஒண்ணு டீக்கு."

அடுத்த பௌர்ணமிக்கு நூறு ரூபாய்த் தாளைத் தனியாக மடித்து எடுத்து வந்தார் தலைமையாசிரியர். வழி நெடுக காவி வேட்டி, வழி நெடுக தாடி. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். அன்றைக்குச் சுற்றி முடிக்க இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. தாள் இன்னும் மடித்தபடியே பையில் இருக்கிறது.