தேய்மானம்

மிளகை மிக்ஸியில் போட்டால் பொடி. உலோகத்தையும் அப்படிப் பொடிக்கலாமே? பொடிக்கலாம். ஆனால், புதுசாய்க் கொத்தின அம்மியில் அரைத்த சட்னி மாதிரி, அரைக்கிற இயந்திரமும் கொஞ்சம் கலந்துவிடும்.

நான் பி.காம். கெமிஸ்ட்ரி லேபில் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. இருந்தும், லுட்விக் மாண்ட் 1890-ல் வெளியிட்ட வித்தை எனக்கே புரிந்தது. ஐம்பது, அறுபது டிகிரி சூட்டில் நிக்கல்மீது கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினால், உலோகம் ஆவியாய்க் கிளம்பிவிடுகிறது! அழுக்கெல்லாம் கீழேயே தங்கிவிடும். அந்த ஆவியை இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால், வாயு கழன்றுகொள்ள, நிக்கல் மட்டும் பொடியாய் உதிரும். தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத துகள்கள். சுத்தம், 99.9 சதவிகிதத்துக்கும் மேல்.

என்ன, அந்த ஆவி கொடிய விஷம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கிளிடாக் என்ற ஊரில் மாண்டின் ஆலை ஓடத் தொடங்கிய 1902-லேயே தொழிலாளர்கள் சிலர் செத்துப்போனார்கள். முதலில் தலைவலி, வாந்தி. நல்ல காற்றுப் பட்டால் தெளிந்துவிடும். ‘சரியாப் போச்சு’ என்று ஆள் எழுந்து நடப்பார். பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்டும்.

காலேஜில் எனக்குத் தேய்மானக் கணக்கு சொல்லித் தந்தார்கள். இயந்திரத்துக்கு மட்டும்.