வெள்ளைப் புள்ளி



என் கடல்மீன் தொட்டி என்ன ஆயிற்று என்று பலர் கேட்கிறீர்கள். நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வாங்கிய மீனைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விட்டேன். சில நாளில் என் இரண்டு கோமாளி மீன்கள் மேலும் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. நாலைந்து நாளில் புள்ளிகள் மறைந்தன. "சரியாயிடுச்சு" என்று வீட்டில் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து முன்பைவிட அதிகமாக வந்தது. புது மீனும் ஒரு கோமாளியும் செத்துப்போயின.

புள்ளி மறைந்தபோது ஒட்டுண்ணி சாகவில்லை. மீனை விட்டு இறங்கி, மணலிலும் கல்லிலும் கூடு கட்டி, உள்ளே பெருகிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய கோமாளியை வேறு தொட்டிக்கு மாற்றி, ஒரு மாதம் தாமிர மருந்து கொடுத்தேன். தினமும் அளவைச் சோதித்தேன். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே விஷம். பெரிய தொட்டியில் அதை ஊற்றக்கூடாது. இறாலும் பவளமும் செத்துவிடும். அங்கே 76 நாள் மீனே விடவில்லை. ஒட்ட மீன் கிடைக்காவிட்டால் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் மடிந்துவிடும்.

மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை 30 வருடம் கரும்பலகையில் வரைந்தவன் நான். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று அர்த்தமில்லை என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எனக்கே மறந்துபோனது.

கோமாளி நேற்று பழைய தொட்டிக்குத் திரும்பியது. தனியாகத்தான் சுற்றுகிறது. புது மீன் வாங்குகிறவர்கள் ஒரு மாதமாவது தனியே வைத்துப் பாருங்கள்.